அடுத்த டிவிசனில் மூன்று கிலோ கழிக்கிறார்கள்

இலங்கை மலைநாட்டில், சுற்றுலாப் பயணிகள் வந்துபோகிற எல்லவில், ஒரு தங்குவிடுதியில் வேலை செய்கிற தம்பி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். விடுதிக்கு வந்த இஸ்ரேலியப் பெண் ஒருத்தி, காசாவில் பணயக்கைதியாக இருந்து செத்துப்போன தன் ஊர்க்காரர் ஒருவரின் படம் போட்ட ஸ்டிக்கரை வெளிக்கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் யாரோ அதைக் கிழித்திருந்தார்கள். கிழித்தது சரியா பிழையா என்று வேலைக்காரப் பையன்களுக்குள் வாய்த்தர்க்கம். ஒருவன் சொன்னானாம்: "அவனுங்களும் ஆயிரக்கணக்குல ஆளுங்கள ஜெயில்ல வச்சிருக்கானுங்க. ரெண்டும் ஒண்ணுதான். பிந்துனுவெவயில நம்ம பயலுகளக் கொன்னப்ப யாரு வந்து ஸ்டிக்கர் ஒட்டுனா?" தம்பி எழுதுகிறார்: "சேர், எனக்குப் பதில் வரல. ஆனா அவன் சொன்னது முழுசா சரின்னும் மனசுக்குப் படல. நான் என்ன சொல்லியிருக்கணும்?"

நான் பண்டாரவளைக்காரன். பிந்துனுவெவ என் வீட்டிலிருந்து நடைதூரம்; 2000 இல் அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் தமிழ்க் கைதிகளைக் கூட்டமொன்று கொன்றது. முப்பது வருடம் வரலாறு படிப்பித்தேன். ஓய்வெடுத்த பிறகு, படிப்பிக்காமல் விட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே பதில் கொஞ்சம் நீளும், தம்பி.

முதலில் மடுவத்துக்குப் போவோம். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே கொழுந்து மடுவத்துக்கு, பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகைக்குத்தான் ஓடுவேன், அம்மாவின் கூடையைப் பிடித்துக் கொடுக்க. தராசு உத்தரத்தில் தொங்கும். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கணக்கப்பிள்ளை நிறுவையைக் கூவுவார், கூவும்போதே தண்ணிக்கும் கூடைக்கும் என்று இரண்டு கிலோ கழித்துவிடுவார். வெயில் காய்கிற மாசியிலும் தண்ணிக்கழிவு! ஒருநாள் அம்மாவுக்கு அந்த இரண்டு கிலோவால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான், விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருத்தி தட்டிக்கேட்டார். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே, தோட்டத்தின் பக்கத்துப் பிரிவைக் காட்டி, "அடுத்த டிவிசன்ல மூணு கிலோ கழிக்கிறான், போய்ப் பாரு" என்றார். பெரியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்க மூணு களவு போச்சுன்னா இங்க ரெண்டு திரும்பி வந்துருமா, ஐயா?"

உன் நண்பன் சொன்னது கணக்கப்பிள்ளையின் பதில். நீ தேடுகிற பதிலைப் பெரியம்மா எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்துபோனால் நீ விடமாட்டாய். "சரி சேர், எல்லாம் களவுதானே, அப்ப எல்லாம் ஒண்ணுதானே" என்று கேட்பாய். ஒன்றில்லை. ஏன் என்று பார்க்க, பணயக்கைதி என்றால் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணயக்கைதிகளைப் பிடிப்பதற்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979 டிசம்பர் 17 அன்று ஏற்றுக்கொண்டது. (நம் ஊரில், விசாரணையில்லாமல் ஆளை உள்ளே வைக்க வழிவிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்ததும் அதே 1979தான். காலம் சில வேளை இப்படிக் குறும்பு செய்யும்.) அந்த உடன்படிக்கை சொல்கிற வரைவிலக்கணத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். பிடிக்கிறவன் ஒருவன். பிடிபடுகிறவன் ஒருவன். மூன்றாவது, வெளியே நிற்கிற ஒருவன்: ஓர் அரசாங்கம், ஓர் அமைப்பு, ஒரு குடும்பம். 'நான் சொல்வதைச் செய், இல்லாவிட்டால் இவனைக் கொல்வேன், காயப்படுத்துவேன், விடாமல் வைத்திருப்பேன்' என்று அந்த மூன்றாமவனை நெருக்கினால் அது பணயம். கைதி என்ன செய்தான் என்பது அங்கே கேள்வியே இல்லை. அவனிடமிருந்து யாருக்கும் எதுவும் தேவையில்லை. அவன் உடம்புதான் தேவை, இன்னொருவனுக்குக் காட்ட.

இதனால்தான் பணயக்கைதியை வதைப்பது வேறு வகைக் கொடுமையாகிறது. சிறைக்கூடத்தில் கைதியை அடிக்கிற காவலன் அதை மறைப்பான். சட்டை போர்த்திக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவான், மருந்துச் சீட்டை மாற்றி எழுதச் சொல்வான். மறைக்கிறான் என்றால், மீறப்படுகிற ஒரு விதி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். பணயம் பிடித்தவனோ கெமராவைக் கொண்டுவருவான். கைதி மெலிந்தால் விலை கூடும், அழுதால் இன்னும் கூடும். வதை அங்கே வழிதவறி நடந்த காரியம் அல்ல, அதுதான் சரக்கு. அடி வாங்குகிறவனுக்கு இரண்டிலும் ஒரே வலிதான், அதை நான் மறுக்கவில்லை. வலி ஒன்று என்பதால் செயலும் ஒன்றாகிவிடாது, அவ்வளவுதான்.

2023 ஒக்டோபர் 7க்கு வருவோம். ஹமாஸும் அதோடு வந்த மற்ற ஆயுதக் குழுக்களும் அன்று ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றுவிட்டு 251 பேரைக் காசாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒன்பது மாதக் குழந்தை இருந்தது, 85 வயதுப் பாட்டியும் இருந்தார். நம் பக்கத்து ஆட்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்றைச் சொல்கிறேன். பிடிபட்டவர்களில் தாய்லாந்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள் முப்பதுக்கும் மேல். விவசாயம் படிக்கப் போன நேபாள மாணவர்கள் பத்துப் பேர் அன்று கொல்லப்பட்டார்கள். முதியவர்களைப் பராமரிக்கப் போன இரண்டு இலங்கையரும் கொல்லப்பட்டார்கள். கூலிக்குக் கடல் தாண்டிப் போகிற சனம் என்றால் நமக்குத் தெரியாதா? நம் லயங்களிலிருந்தும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்தும், அந்த நாட்டுக்கு வேலைக்குப் போகப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாய்லாந்துக்காரனுக்கும் பாலஸ்தீன நிலத்துக்கும் என்ன வழக்கு?

பிறகு நடந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிக்க மனம் வரவில்லை. கைதிகளைப் பார்க்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை விடவில்லை. பணயக்கைதிகள் சிலர் பாலியல் வன்முறைக்கு ஆளானதற்குத் தெளிவான தகவல் கிடைத்திருப்பதாக ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். 2024 ஓகஸ்ட் முடிவில் ரஃபா சுரங்கம் ஒன்றில் ஆறு பேர், படையினர் நெருங்கிய வேளையில் கிட்ட நின்று சுடப்பட்டார்கள். 2025 ஓகஸ்டில் ஒரு காணொளி வெளிவந்தது. எலும்பும் தோலுமாக ஓர் இளைஞன், சுரங்கத்துக்குள் மண்வெட்டியோடு, இது எனக்கான குழி என்று சொல்லிக்கொண்டு தோண்டுகிறான். எடுத்தவர்களே வெளியிட்டார்கள். அவன் பிழைத்தான். உயிரோடு மிஞ்சியிருந்த கடைசி 20 பேர் 2025 ஒக்டோபர் 13 அன்று விடுதலையானபோது அவனும் அதில் இருந்தான். மேலே நான் சொன்ன ஒன்பது மாதக் குழந்தை பிழைக்கவில்லை. 2025 பெப்ரவரியில் சவப்பெட்டிகளை மேடையில் அடுக்கி வைத்து, கூட்டம் கூட்டி ஒப்படைத்தார்கள். பிணத்தை மேடையேற்றிக் கொடுப்பது எந்தப் போராட்டத்தின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

இதைக் கண்டிக்க ஒரு 'ஆனால்' தேவையில்லை. முற்றுப்புள்ளி போதும்.

இனி உன் நண்பனின் கேள்விக்குள் இருக்கிற நியாயத்தை எடுப்போம். நியாயம் இருக்கிறது. இஸ்ரேல் ஆயிரக்கணக்கான பாலஸ்தீனரைச் சிறையில் வைத்திருக்கிறது. அதில் பெருந்தொகையானோர் 'நிர்வாகத் தடுப்பு' என்ற பெயரில், குற்றப்பத்திரிகை இல்லாமல், வழக்கில்லாமல் உள்ளே இருப்பவர்கள். இஸ்ரேலின் ஸ்தே தெய்மான் தடுப்பு முகாமில் கைதிகள் வதைக்கப்பட்டதைப் பற்றி ஐ.நா.வும் சொன்னது, இஸ்ரேலின் சொந்த மனித உரிமை அமைப்புகளும் சொன்னன. 2023 ஒக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலும் தன் சிறைகளுக்குள் செஞ்சிலுவையை விடவில்லை. காசாவில் செத்தவர்கள் 70,000க்கும் மேல் என்கிறது அங்குள்ள சுகாதார அமைச்சு. இவையெல்லாம் தராசில் ஏற வேண்டிய கூடைகள். ஏறட்டும். பாரம் எவ்வளவென்று தராசு சொல்லட்டும். நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு கூடையை நிறுக்கும்போது மற்றக் கூடையை எதிர்த்தட்டில் வைக்காதே. வைத்தால் முள் நடுவில் நிற்கும், இரண்டு பேரும் ஒன்றும் செய்யாதவர்கள் மாதிரி.

2024 நவம்பர் 21 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகுவுக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலண்டுக்கும் ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃபுக்கும் பிடியாணை போட்டது. அந்த ஆணைகளுக்கு வழக்குத்தொடுநர் அதே வருடம் மே மாதம் விண்ணப்பித்தபோதே இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கூச்சல்: 'இவனையும் அவனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள்.' பிடியாணைகளில் உள்ள குற்றங்களைப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு பக்கத்தில் முக்கியமாகப் பட்டினியைப் போர் ஆயுதமாக்கியது, மற்றப் பக்கத்தில் கொலை, பாலியல் வன்முறை, பணயக்கைதி பிடித்தது. ஒவ்வொன்றும் தனி ஆணை, தனிக் குற்றம், தனி ஆள். ஒரே தராசு, வேறு வேறு கூடை. பொய்ச் சமன் என்று நான் சொல்வது இதை அல்ல. 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லிவிட்டு, தராசையே கழற்றி வைத்துவிட்டுப் போகிறானே, அதைத்தான்.

பயங்கரவாதி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு அந்தச் சொல் மேல் பெரிய காதல் கிடையாது. பக்கத்து லயத்துப் பையன்கள் சாமான் வாங்க டவுனுக்குப் போன இடத்தில், அடையாள அட்டையில் இருந்த பெயருக்காக அந்தச் சொல்லைச் சுமந்து வருடக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். ஆகவே ஆளைப் பார்த்து, மொழியைப் பார்த்து, கொடியைப் பார்த்து நான் அதை ஒட்டுவதில்லை. செய்த வேலையைப் பார்த்து ஒட்டுவேன். பிள்ளையைப் பிடித்து வைத்துத் தகப்பனை மிரட்டுவது பயங்கரவாத வேலை. செய்தவன் சீருடை போட்டிருந்தாலும் அதே பெயர்தான்.

சும்மா சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசியில், மழை பிடித்த ஓர் இரவில், எங்கள் லயத்துக்கு ஜீப் வந்தது. பொலிஸ் தேடிவந்த மகன் இல்லை, அவன் எங்கேயென்று எங்களில் யாருக்கும் தெரியாது. கோடிக் காம்பராவில் இருந்த தகப்பனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒற்றைக்கால் செருப்போடு ஏற்றினார்கள், மற்றச் செருப்பு காலை வரை பீலிக்கரையில் கிடந்தது. "மகன் வந்து சரணடையட்டும், கிழவனை விடுவோம்" என்று தோட்டத்துத் தலைவரிடம் சொல்லி அனுப்பினார்கள். பதினெட்டு நாள். எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கே வேண்டாம். பிடிக்கிறவன், பிடிபடுகிறவன், வெளியே நிற்கிறவன்: மூன்று பேரையும் எண்ணிப் பார். அந்த வரைவிலக்கணத்தை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு ஜெனிவாவோ நியூயோர்க்கோ ஞாபகம் வரவில்லை. அந்தச் செருப்புத்தான் வந்தது. அரசு செய்தால் அது பணயம் இல்லை என்று சொல்பவனோடும் எனக்கு இதே சண்டைதான்.

எல்லாச் சிறைபிடிப்பும் பணயமல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் 'சாகரவர்தன' என்ற கடற்படைக் கப்பலைப் புலிகள் மூழ்கடித்து, அதன் தளபதி அஜித் போயகொடவைப் பிடித்தார்கள். எட்டு வருடம் வைத்திருந்து 2002 இல் விட்டார்கள். தன்னைக் காவலில் வைத்திருந்தவர்கள் பொதுவாக மனிதத்தன்மையோடுதான் நடத்தினார்கள் என்று அவர் பிறகு வெளிப்படையாகச் சொன்னார், அதற்காகச் சொந்தச் சனத்திடமே பேச்சும் வாங்கினார். போரில் பிடிபட்ட படைவீரர் அவர். அதே இயக்கம்தான் 1990 ஜூனில், 'ஆயுதத்தைக் கீழே வையுங்கள், பாதுகாப்பாக அனுப்புகிறோம்' என்ற வார்த்தையை நம்பிச் சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸ்காரர்கள் 600க்கும் மேற்பட்டோரைக் கிழக்கில் சுட்டுக் கொன்றது. போயகொடவை நன்றாக நடத்தியது அந்த 600 பேரின் கணக்கில் ஒரு சதத்தையும் கழிக்காது. அந்த 600 பேருக்காகப் போயகொடவின் சாட்சியத்தைப் பொய் என்று சொல்லவும் முடியாது. இரண்டும் நடந்தது. ஒரே இயக்கத்துக்குள்ளேயே கூடையைக் கலக்கக் கூடாது என்றால், இரண்டு நாடுகளுக்கு நடுவில் எப்படிக் கலப்பது?

இப்போது நம்மில் பலருக்கு வாய் அடைக்கிற இடம். வன்னி, 2009.

வன்னியில் நம் சனம் இருந்தது. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் பிறகு மலையை விட்டு இறங்கி, அங்கேயாவது தமிழனாய் இருக்கலாம் என்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய தோட்டத்துச் சனம். சொந்தக்காரர் இல்லாத லயம் குறைவு. அந்தச் சனமும் சேர்ந்துதான் கடைசியில் முள்ளிவாய்க்காலை நோக்கித் தள்ளப்பட்டது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், நாளுக்கு நாள் சுருங்குகிற ஒரு துண்டு மணலில்.

2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் என்று தன் அறிக்கையில் இவற்றை எழுதியது: அரசாங்கம் தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் ஷெல் அடித்தது, ஆஸ்பத்திரிகளை அடித்தது, சாப்பாட்டையும் மருந்தையும் தடுத்தது. பொதுமக்களில் பெரும்பாலானோர் அரச ஷெல்லால்தான் செத்தார்கள். தொகை 40,000 வரை இருக்கலாம். அதே அறிக்கை புலிகளைப் பற்றியும் எழுதியது: சனத்தை வெளியேற விடவில்லை, அவர்களைப் பணயக்கைதிகளாக வைத்திருந்தார்கள், தமக்கும் படைக்கும் நடுவில் மனிதச் சுவராக்கினார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துப் போரில் சேர்த்தார்கள்.

இதில் ஒன்றை எடுத்து மற்றதை மூடுகிற வேலை பதினைந்து வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. கொழும்பில், 'புலி கேடயமாக வைத்திருந்தான், அதனால் நாங்கள் ஷெல் அடித்தோம்.' நம் பக்கத்தில், 'அரசு இனத்தையே அழித்தது, அந்த நேரத்தில் இயக்கம் செய்ததைப் பேசுவது துரோகம்.' இரண்டு பேச்சிலும் காணாமல் போவது யார்? கடனீரேரியைத் தாண்ட இடுப்பளவு தண்ணியில் இறங்கி, பின்னாலிருந்து வந்த சூட்டில் விழுந்த பெண். அவளைப் பற்றி ஒரு பக்கம் பேசவே பேசாது, மறுபக்கம் தன் ஷெல்லை நியாயப்படுத்த மட்டும் பேசும். சனத்தைப் பணயமாக வைத்தவன் செய்தது குற்றம், அது தெரிந்தும் அந்தச் சனத்தின் மேல் ஷெல் அடித்தவன் செய்ததும் குற்றம். இரண்டாவது பெரிதாக இருந்தது என்றே வைத்துக்கொள். முதலாவதின் நிறை அதனால் ஒரு அவுன்ஸும் குறையாது.

ரஷ்யாவின் பெஸ்லான் பள்ளிக்கூடத்திலும் இதே கணக்குத்தான். 2004 செப்டெம்பர் 1, பள்ளி தொடங்குகிற நாள். செச்சினியாவின் விடுதலை கேட்ட ஆயுதக்காரர்கள் 1,100க்கும் மேற்பட்டவர்களை உடற்பயிற்சி மண்டபத்தில் அடைத்து, குழந்தைகளுக்குத் தண்ணீரும் கொடுக்காமல் மூன்று நாள் வைத்திருந்தார்கள். 330க்கும் மேல் செத்தார்கள், பாதிக்கும் மேல் பிள்ளைகள். பிறகு 2017 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், குழந்தைகள் உள்ளே இருக்கும்போதே டாங்கிப் பீரங்கியையும் தீ கக்கும் ஆயுதத்தையும் பாவித்த ரஷ்ய அரசின் தவறைப் பெயர் சொல்லித் தீர்ப்பாக எழுதியது. பிடித்தவர்களின் குற்றத்தை அந்தத் தீர்ப்பு எங்கேயும் மெலிதாக்கவில்லை.

'கோரிக்கை நியாயமானால்?' என்று அடுத்துக் கேட்பாய். 2000 இல் வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைப் பிடித்து 108 நாள் காட்டில் வைத்திருந்தான். அவன் அனுப்பிய கோரிக்கைப் பட்டியலில் நீலகிரித் தேயிலை விவசாயிகளின் பச்சைக் கொழுந்துக்கு விலையும் இருந்தது, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளரின் கூலியும் இருந்தது. செய்தி வந்த நாளில் நம் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் சிலர் கைதட்டினார்கள். எனக்கும் ஒரு கணம் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் கழித்து அவன் பிடித்துக்கொண்டுபோன முன்னாள் அமைச்சர் நாகப்பா பிணமாகத்தான் காட்டிலிருந்து வந்தார். கொழுந்து விலைக்கும் அந்தப் பிணத்துக்கும் நடுவில் என்ன பாதை என்று கைதட்டியவர்கள் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த விதிகளை ஏதோ வெள்ளைக்காரன் பிறத்தியாருக்கு எழுதியது என்று நினைக்காதே. அவர்களுடைய அழுக்கிலிருந்துதான் இது பிறந்தது. 1941 இல் சேர்பியாவில் ஒரு ஜெர்மன் படையாள் செத்தால் 100 பணயக்கைதிகளைச் சுட வேண்டும் என்று நாசிகள் கட்டளை போட்டார்கள், சுடவும் செய்தார்கள். போர் முடிந்து நியூரம்பேர்க்கில் அந்தத் தளபதிகளை விசாரித்த அமெரிக்க நீதிமன்றம், 1948 இல், சில கடைசி நிலைமைகளில் பணயக்கைதியைக் கொல்வதை அன்றைய போர் வழக்கம் அனுமதித்தது என்றே எழுதிவைத்தது. தளபதிகள் எல்லை மீறியதற்காகத்தான் பலர் தண்டிக்கப்பட்டார்கள். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வருடமே, 1949 இல், ஜெனிவா உடன்படிக்கைகள் அந்தக் கதவை அறைந்து சாத்தின. நான்காம் உடன்படிக்கையின் 34 ஆம் உறுப்புரை ஒரே வரிதான்: பணயக்கைதிகளைப் பிடிப்பது தடை. 'அவசியம் என்றால்' இல்லை, 'மற்றவன் செய்யாதவரை' இல்லை. நான்குக்கும் பொதுவான 3 ஆம் உறுப்புரை உள்நாட்டுப் போரில் அரசையும் கட்டும், அரசை எதிர்ப்பவனையும் கட்டும்.

வெள்ளைக்காரன் வருமுன் நம் மலையிலேயே இது நடந்தது. கண்டி அரசர்கள் திசாவைகளை, அதாவது ஆளுநர்களை, மாகாணத்துக்கு அனுப்பும்போது அவர்கள் குடும்பத்தைக் கண்டியில் வைத்துக்கொள்வார்கள், விசுவாசத்துக்கு ஈடாக. 1814 இல் ராசாவின் முதன்மை அமைச்சரான எஹெலபொல அதிகார் பிரிட்டிஷ் பக்கம் ஓடியபோது, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அந்த ஈட்டை எடுத்துத் தீர்த்தான். பிள்ளைகளின் தலை வெட்டப்பட்டது, தாயைப் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்தினார்கள். மூத்தவன் பயந்து தாயின் சேலைக்குள் ஒளிய, இளையவன் முன்னே வந்து கழுத்தைக் கொடுத்தான் என்று கண்டியில் இன்றும் சொல்வார்கள்.

நம் ஆட்கள் சிலருக்கு இந்தக் கதை பிடிக்காது. ராசா தமிழ் பேசினவன், வெள்ளைக்காரன் ஊதிப் பெருப்பித்த கதை என்பார்கள். ஊதியது உண்மை. அந்தக் கொலையையும் காட்டித்தான் பிரிட்டிஷ்காரன் 1815 இல் கண்டிக்குள் இரட்சகன் வேடத்தில் நுழைந்தான், 1817, 1818 இல் ஊவா, வெல்லஸ்ஸவில் ஊர் ஊராகக் கொளுத்தினான். எஹெலபொலவையே பிடித்து மொரீஷியசுக்கு நாடு கடத்தினான், அங்கேயே செத்தார். ஊவா எரிந்ததைச் சொல்லிப் போகம்பரையைக் கழுவ முடியுமா? போகம்பரையைச் சொல்லி உள்ளே வந்தவன்தான் ஊவாவை எரித்தான், அதையும் மறக்காதே. 'அவன் மட்டும் என்ன' என்கிற பேச்சு எப்போதும் அடுத்த நெருப்புக்கு விறகு தேடுகிற பேச்சு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நம் பழைய கதையொன்று உண்டு. சோழன் கிள்ளிவளவன் பகைவன் மலையமானின் பிள்ளைகளைப் பிடித்துவந்து யானைக் காலில் இட நின்றபோது, கோவூர் கிழார் என்ற புலவர் குறுக்கே போனார். சோழனுக்கும் மலையமானுக்கும் என்ன பகை என்ற வழக்குக்குள் அவர் போகவில்லை. அந்தப் பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள், கூடிநிற்கிற சனத்தைப் புதிதாகப் பார்க்கிறார்கள், பார் என்றார். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

கடைசியாகப் பிந்துனுவெவ. இதை உன் நண்பனுக்காகத்தான் எழுதுகிறேன்.

2000 ஒக்டோபர் 25, காலை. புனர்வாழ்வு முகாம் என்று பெயர். உள்ளே இருந்தவர்கள் சந்தேகத்தில் பிடிபட்டவர்கள், சரணடைந்தவர்கள், இயக்கத்தால் பிள்ளைப் பருவத்திலேயே துவக்குக் கொடுக்கப்பட்டவர்கள். முந்தின நாள் கைதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் தகராறு. இரவோடு இரவாகச் சுவரொட்டிகள் முளைத்தன. காலையில் கத்தியும் பொல்லும் மண்ணெண்ணெயுமாகக் கூட்டம் வந்தது. ஆயுதம் ஏந்திய பொலிஸார் பத்துக் கணக்கில் நின்றார்கள், தடுக்கவில்லை. 25க்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். நான் அன்று ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புகையைப் பார்த்தோம். குப்பை எரிக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். 2003 இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் மேன்முறையீட்டில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அதே 2000 ஆம் ஆண்டில்தான் பணயக்கைதிகள் பிடிப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டத்தை நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தன் கையில் ஒப்படைக்கப்பட்ட பையன்களைக் காப்பாற்ற முடியாத அரசு!

யாரும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று உன் நண்பன் சொன்னது சரி. என்னைச் சுடுவது வேறு. அவன் பிந்துனுவெவயை எப்போது ஞாபகப்படுத்துகிறான்? ஒக்டோபர் 25 அன்று அவன் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி நான் கண்டதில்லை. எல்லவிலிருந்து பண்டாரவளைக்குப் பஸ் ஏறி அந்த இடத்தைப் பார்க்க வந்ததுமில்லை. வேறு எங்கோ ஒருவன் செத்து, அவனுக்காக இரங்க வேண்டிய இடம் வரும்போது மட்டும் அந்தப் பையன்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கடைக்காரனிடம் சில்லறை மாதிரி நீட்டுகிறான். இந்தச் சில்லறைக்கு அந்தப் பணயக்கைதி சரியாகிவிட்டது, கணக்கு முடிந்தது. கொன்றவர்கள் ஒருமுறை செய்ததை அவன் ஒவ்வொரு விவாதத்திலும் செய்கிறான் என்று நான் சொல்ல மாட்டேன், அது மிகை. ஆனால் அந்தப் பையன்களின் சாவுக்கு அவன் வைத்த விலை அவ்வளவுதான்.

நீ என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்டாய். கிழித்த ஸ்டிக்கரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "சுரங்கத்துக்குள்ள வச்சுப் பட்டினி போட்டது சரியா, பிழையா? அத மட்டும் சொல்லு." பிழை என்று சொன்னால் அதோடு அந்தப் பேச்சை முடித்து, உடனே அடுத்ததைத் தொடங்கலாம்: காசாவைப் பேசலாம், ஸ்தே தெய்மானைப் பேசலாம், அந்த இஸ்ரேலியப் பெண்ணிடமே நேருக்கு நேர் பேசலாம். அவள் நம் விருந்தாளி, கேட்கக் கூடாதென்றில்லை. 'ஆனால்' என்று தொடங்கினால், "அடுத்த டிவிசன்ல எத்தன கிலோடா கழிக்கிறான்?" என்று கேள். தோட்டத்துப் பையன் என்றால் விளங்கும்.

அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பிந்துனுவெவைக்கு நடந்தே போகலாம். முகாம் இருந்த இடத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் அன்று புகையைப் பார்த்த வகுப்பறை ஜன்னலையும் காட்டுகிறேன்.